மலை காணுமாறு

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கணத்திலிருந்தோ காப்பியத்திலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வதே தமிழாசிரியருக்கு ஏற்றது என்று முதலில் எண்ணினோம். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம். மாணவரோடு ஹோட்டன் சமவெளிக்குச் சென்ற இரு பயணங்கள், அகத்திணையில் ஒரு பகுதியை எமக்கே புதிதாகக் கற்பித்தன. கற்றதைக் கற்பிப்பது ஆசிரியர் கடன் ஆதலின், அதனையே இங்கு எழுதலானோம். மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்ல விரும்பும் மாணவர்க்கும், தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கருதும் பழைய மாணவர்க்கும் இஃது ஓரளவு பயன்படலாம்.

குடாநாட்டிற் பிறந்தவர்க்கு மலை என்பது கேள்வியால் அறியப்படும் பொருள். கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே கேணி உண்டு, கடல் உண்டு, மலை மட்டும் இல்லை. பனையின் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நோக்கும் தேவை எமது சிறார்க்குக் கோயிற் கோபுரத்தின் முன்னன்றி வேறெங்கும் ஏற்படுவதில்லை. முன்னைய தலைமுறை மாணவர் புகையிரதம் ஏறி மலைநாட்டைக் கண்டு மீண்டனர். 1990ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதச் சேவை தடைப்பட்டது. 2014ஆம் ஆண்டிலேயே அது மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. இடைப்பட்ட காலத்திற் படித்தோர் பலர் மலையைப் புவியியற் புத்தகத்தின் படத்திலேயே கண்டனர். நாமும் அவர்களுள் ஒருவரே. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, குறிஞ்சித்திணையைச் சில ஆண்டுகள் கற்பித்த பின்னரே முதன்முதலாக ஒரு மலையின் அடியில் நின்றோம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

அகத்திணை கூறுமிடத்துத் தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பொருளை மூவகைப்படுத்தினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். இதனை மாணவர் மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதிவிடுவர். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்பதையும் தவறாது எழுதுவர். நிலம் ஒன்றே போதாதா, பொழுதையும் உடன் சேர்த்து ஏன் முதற்பொருள் என்றார் என வினவினால் வகுப்பு அமைதியாகிவிடும். வினவிய எமக்கும், புத்தகத்திற் படித்த விடையன்றிக் கண்ணாற் கண்ட விடை இருக்கவில்லை.

முதற் பயணம் பிழையாகவே முடிந்தது. முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்கினோம். மாணவர் குளிரில் நடுங்கினர் என்று இரங்கி, மறுநாட் காலை உணவை ஆறுதலாக முடித்து, வெயில் ஏறிய பின்னர்ப் புறப்பட்டோம். அம்பேவலை, பட்டிப்பொலை வழியாகப் பூங்காவின் வாயிலை அடைந்து, நடைபாதையில் இறங்கியபோது மணி பத்து. ‘உலக முடிவு’ என்னும் இடத்தை அடைந்தபோது பதினொன்றரை. ஆண்டுதோறும் எத்தனையோ ஆயிரம் பேர் வந்து கண்டு வியக்கும் அந்தப் பள்ளத்தாக்கு இருந்த திசையில், வெள்ளை வேட்டியை உலரவிட்டாற் போல ஒரு மூடுபனி தொங்கியது. அதற்கப்பால் ஒன்றுமே தெரியவில்லை. அரை மணிநேரம் காத்திருந்தோம். அது இன்னும் தடித்தது. “சேர், இதைப் பார்க்கவோ இரவிரவாக வந்தனாங்கள்?” என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

திரும்பி வந்து பேருந்தில் ஏறும்போது, அம்முகிலைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம் போலும். பேருந்துச் சாரதி மலையகத்தவர். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த முதியவர். அவர் சிரித்தவாறு, “மூட்டம் வராட்டி ஆத்துக்குத் தண்ணி ஏதுங்க ஐயா?” என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை, வண்டியைக் கிளப்பிவிட்டார். அச்சொல் எம்மை ஊர்வரை விடாது தொடர்ந்தது. காட்சியை மறைத்தது என்று நாம் வெறுத்த அதுவே, காணவேண்டிய காட்சியாக இருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. அதன் பின்னரே அம்மலையைப்பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றுள் மாணவர்க்கு வேண்டுவன சிலவற்றை இங்குத் தருகின்றோம்.

இலங்கையின் நடுவிலுள்ள மலைத்தொகுதியின் தென்விளிம்பு, மேற்கே சிவனொளிபாதமலை முதற் கிழக்கே நமுனுகுல வரையில் ஒரு மதிலைப் போல எழுந்து நிற்கின்றது. அம்மதிலின் உச்சியில் அமைந்த ஒரு மேட்டுவெளியே ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரமுடையது. சமவெளி என்ற பெயரைக் கேட்டுத் துரையப்பா விளையாட்டரங்கைப் போன்ற தட்டை நிலம் என்று எண்ணலாகாது. அலையலையாக ஏறி இறங்கும் புல்வெளியும், இடையிடையே குன்றுகளை மூடிய காடும் கலந்த நிலம் அது. அதன் ஓரத்திலேயே கிரிகல்பொத்த (2,395 மீற்றர்), தொட்டுபொல கந்த (2,357 மீற்றர்) என்னும் சிகரங்கள் உள்ளன. பீதுருதாலகாலைக்கு (2,524 மீற்றர்) அடுத்தபடி இந்நாட்டில் உயர்ந்தவை இவையே. சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய என்று வழங்கினர். பெருவெளி என்னும் பொருள்பட நின்ற நல்ல பெயர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மொற் ஹோட்டன் என்பவரின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். இடப்பெயர் ஆராய்ச்சியில் ஆர்வமுடைய மாணவர், பழைய பெயர் நிலத்தின் இயல்பையும் புதிய பெயர் ஆளின் பதவியையும் குறித்தமையை நோக்குக.

மேட்டுவெளி தெற்கே திடீரென முறிந்து விழுமிடமே உலக முடிவு. நின்ற இடத்திலிருந்து நிலம் ஏறக்குறைய 880 மீற்றர் கீழே இறங்கிவிடுகின்றது. கல்லூரி மாடியிலிருந்து கீழே பார்த்தாலே தலை சுற்றும் எம்மனோர்க்கு இவ்வளவை மனத்திற் கொள்ளுதல் அரிது. அதற்கு முன்னரே சிறிய உலக முடிவு என்று ஒன்று உண்டு. அதன் ஆழம் ஏறக்குறைய 270 மீற்றர். தெளிந்த காலையில் இங்கிருந்து தென்கடல் வரை, ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம் கண் செல்லும். இப்பெரும் படி எவ்வாறு உண்டாயிற்று என்பதில் அறிஞர் முரண்பட்டனர். 1929இல் இலங்கையின் நிலவியலை எழுதிய அடம்சு என்பார், இந்நாடு மூன்று படிகளாக அமைந்திருத்தலை எடுத்துக்காட்டி, நீண்ட கால அரிப்பினால் அவை உண்டாயின என்றார். 1940களில் வாடியா என்னும் இந்திய அறிஞர், நிலம் பிளந்து மேலெழுந்தமையே காரணம் என்றார். பாறையோ இருவர் வழக்கையும் பொருட்படுத்தாது, பல கோடி ஆண்டுகளாக அங்கேயே நிற்கின்றது.

நிற்க. இம்மதில் நிற்கும் திசையே எமது பாடத்தின் உயிர். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை யாழ்ப்பாணத்திற் சோளகம் வீசுகின்றது. புழுதியை வாரி எறிந்து, பனையோலையைச் சலசலக்கச் செய்து, ஒரு துளி மழையுமின்றிக் கடந்து போகும் அக்காற்றை நாம் அனைவரும் அறிவோம். அதே தென்மேற்குக் காற்று, தெற்கிலும் மேற்கிலும் கடலைக் கடந்து ஈரத்தோடு வந்து இம்மலைமதிலில் மோதுகின்றது. மோதிய காற்றுக்கு மேலே ஏறுவதன்றி வேறு வழியில்லை. ஏறுந்தோறும் காற்று விரிகின்றது, விரியுந்தோறும் குளிர்கின்றது. முகிலாகாத காற்று 100 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 1 பாகை குளிரும். குளிர்ந்த காற்று முன்போல ஈரத்தைத் தாங்கமாட்டாது. தாங்க முடியாத ஈரம் நுண்டுளிகளாகத் திரளும், அதுவே முகில். மலைச்சரிவில் நின்று பார்ப்பவர்க்கு அதுவே மூடுபனி. இரண்டும் ஒன்றே; நிற்குமிடம் வேறாதலாற் பெயர் வேறாயிற்று.

மேற்குச் சரிவில் ஈரத்தை இறக்கிவைத்த காற்று, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது நிலைமை மாறுகின்றது. இறங்கும் காற்று நெருக்கப்பட்டு வெப்பமடையும். மட்டக்களப்பார் அம்மாதங்களிற் படும் கச்சான் காற்றின் வெம்மைக்கு இதுவே காரணம். ஒரே காற்று ஓரிடத்தில் முகில், ஓரிடத்திற் கச்சான், ஓரிடத்திற் சோளகம். இதனை ஒரு படமாக வகுப்புப் பலகையில் வரைந்து காட்டினால், புவியியலாசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் அன்று பாடவேளை ஒன்று மிச்சமாகும்.

பருவக்காற்று இல்லாத மாதங்களிலும் மூடுபனி வருவது எங்ஙனம் என்று கேட்கலாம். நாம் ஏமாந்தது அத்தகைய ஒரு மாதத்திலேயே. இரவில் மலையுச்சி குளிர்ந்து, காற்று அடங்கிக் கிடக்கும். மார்கழி தை மாதங்களிற் சில இரவுகள், புல்லின்மேல் உறைபனி படியுமளவுக்குக் குளிரும். விடியற்காலையில் வானம் துலக்கமாயிருக்கும். ஞாயிறு எழுந்து கீழ்ப்பள்ளத்தாக்கைச் சுடத்தொடங்கியதும், அங்குள்ள ஈரக்காற்று வெப்பமடைந்து மலைச்சுவரைப் பற்றி மேலேறும். மேலேறியது குளிர்ந்து, ஒன்பது பத்து மணியளவில் விளிம்பை வந்தடையும்போது முகிலாகியிருக்கும். எனவே உலக முடிவை மூடிய திரை எமது தீவினையால் வந்ததன்று. கடிகாரத்தைப் போல நாள்தோறும் ஒழுங்காக நிகழும் ஒரு தொழில். ஆறு மணிக்கு அங்கு நிற்பவன் ஒரு மலையைக் காண்கிறான். பதினொரு மணிக்கு நிற்பவன் வேறொரு மலையைக் காண்கிறான். நிலத்தையும் பொழுதையும் பிரிக்காது ஒருங்கே முதற்பொருள் என்றதன் பொருத்தம் எமக்கு அப்போதே உறைத்தது.

அடுத்த ஆண்டு இரண்டாம் முறை சென்றோம். இம்முறை இரக்கம் காட்டவில்லை. மூன்றரை மணிக்கு மாணவரை எழுப்பி, சாப்பாட்டுப் பெட்டிகளைக் கையிற் கொடுத்து, வாயில் திறக்கும் ஆறு மணிக்கு முன்னரே அங்குக் காத்து நின்றோம். நடைபாதை வட்டமாகச் சென்று புறப்பட்ட இடத்துக்கே மீள்வது. ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஏழரை மணிக்கு உலக முடிவில் நின்றபோது, காலடியிலிருந்து நிலம் விழுந்து, தேயிலைத் தோட்டமாகி, வயலாகி, குளமாகி, நீலமாகி, எது வானம் எது கடல் என்று பிரித்தறிய முடியாத ஒரு கோட்டில் முடிந்தது. கூச்சலிடும் இயல்புடைய மாணவர் எவரும் பேசவில்லை. ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், பள்ளத்தின் அடியில் வெண்பஞ்சு போன்ற ஒரு துண்டு தோன்றியது. அதனருகே இன்னொன்று. அவை சேர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டு ஏறிவந்து, எமது முகத்திற் குளிர்ச்சியாய்ப் பட்டு, பின்னாலிருந்த காட்டினுள் நுழைந்தன. முன்னைய ஆண்டிற் சுவர்போல் நின்றதாக எண்ணிய முகில் நடந்து செல்வதை அன்றே கண்டோம். அதன் பின்னே நாமும் காட்டுக்குள் நடந்தோம்.

அக்காட்டை மாணவர் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலோர் ஒரு காட்சிமுனையிலிருந்து மற்றொரு காட்சிமுனைக்கு விரையும் வழியாகவே அதனைக் கருதுகின்றனர். மரங்கள் பெரிதாய் வளர்வதில்லை. காற்றுக்குத் தலைசாய்த்து, தண்டு முறுக்கி, குடை விரித்தாற் போல் நிற்கும். கிளைதோறும் பாசி படர்ந்து, நரைத்த தாடி போலத் தொங்கும். யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இவை அந்நிய மரங்களாகத் தோன்றும். ஆயினும் இவற்றுட் பல எமக்கு உறவினவே. சிங்களத்திற் கீன எனப்படும் மரம் இக்காட்டின் தலைமரங்களுள் ஒன்று. அது புன்னையின் இனம். நெய்தல் நிலத்துக்குரியதாக, மணற்கரையில் நிழல் தருவதாக நாம் படித்த புன்னையின் உடன்பிறப்பொன்று, கடலைவிட்டு 2,000 மீற்றருக்கு மேலேறி மலையிற் குடியிருக்கின்றது! நாவல் இனத்து மரங்களும் அங்குள்ளன. சந்திக்குச் சந்தி நாவற்பழம் விற்கும் ஊரிலிருந்து வந்த மாணவர் இதைக் கேட்டு மகிழ்ந்தனர்.

“குறிஞ்சிப் பூ எங்கே?” என்பது மாணவரின் அடுத்த வினா. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொன்னவர் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நீலமலையில் 12 ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சி இங்கில்லை. ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த செடிகள் பல, நெலு என்ற பெயரில் இக்காட்டின் அடிநிலத்தை நிறைத்து நிற்கின்றன. அவற்றுட் சில நீலமலைக் குறிஞ்சியைப் போலவே ஆண்டுகள் பல காத்திருந்து, ஒருங்கே பூத்து, விதை சிந்தி, ஒருங்கே மடிவன. 2013ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளியில் அவை பெருவாரியாகப் பூத்தன. அக்காலத்திற் காட்டில் தேனீக்கள் மொய்க்கும். விதை உதிருங்காற் காட்டுக்கோழிகள் கூடும். பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு மாணவன் முதலாம் வகுப்பிற் சேர்ந்து உயர்தரம் முடிக்க எடுக்கும் காலத்துக்கு ஏறக்குறையச் சமன். குறிஞ்சித்திணையில் இரவும் குளிரும் காத்திருத்தலும் எவ்வாறு வந்து பொருந்தின என்பதற்கு, பூவாத அச்செடிகளின் நடுவே நின்றபோது ஒருவாறு விடை கிடைத்தது.

காட்டை அடுத்துள்ள புல்வெளிகளைப் பத்தனா என்பர். காடிருக்கும் மலையிற் புல்வெளி ஏன் வந்தது என்பதற்குத் தாழ்நிலங்களிற் படியும் உறைபனி மரக்கன்றுகளைக் கருகச் செய்வதையும், முன்னோர் இட்ட தீயையும் ஆராய்வோர் காரணமாகக் காட்டுவர். மரைகள் அங்குக் கூட்டமாக மேயும். யானை அங்கு இன்றில்லை; முன்னர் இருந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சேர் சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களோடு இம்மலைகளில் மரை வேட்டையாடி, அதைப்பற்றி நூலும் எழுதினார். 20 மீற்றர் உயரமுள்ள அழகிய நீர்வீழ்ச்சி ஒன்று அவர் பெயராலே பேக்கர் நீர்வீழ்ச்சி என வழங்குகின்றது. கொன்றவர் பெயர் நின்றது. மரைக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லை. அற்றுப்போயிற்று என்றே பலர் எண்ணியிருந்த மலைத்தேவாங்கு ஒன்று, 2010ஆம் ஆண்டளவில் இங்குப் படம்பிடிக்கப்பட்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

இனி ஆற்றுக்கு வருவோம். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். அதனை விட்டால் குடாநாட்டுக்கு ஆறில்லை. நாம் நிலத்துக்கடியிலுள்ள சுண்ணக்கல் தேக்கிய மழைநீரைக் கிணற்றில் அள்ளி வாழ்பவர்கள். ஆறு பிறப்பதைக் காணாதவர்க்கு ஹோட்டன் சமவெளி ஒரு புதுமை. புல்லின் வேரிடையே கசிந்து, கரிய சேற்றில் ஊறி, விரலளவு ஓடையாகத் தொடங்கும் நீர் மூன்று பேராறுகளுக்குப் போகின்றது. பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுவது பெலிகுல் ஓயா; அது வளவை கங்கையைச் சேர்ந்து, சமனலவெவ, உடவளவை நீர்த்தேக்கங்களை நிறைத்துத் தென்கடலிற் கலக்கும். மேற்கே செல்வது களனியாகிக் கொழும்பின் வடக்கே கடலை அடையும். வடக்கே அக்ர ஓயாவாக இறங்குவது மகாவலியோடு சேர்ந்து, அந்த 335 கிலோமீற்றர் ஆற்றின் வழியே திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் முடியும். எனவே மூதூர் உழவன் வயலிற் பாயும் மகாவலி நீரில், உலக முடிவில் எம் முகத்திற் பட்ட முகிலின் ஒரு துளியும் இருக்கக்கூடும்.

மழை பெய்து ஆறு ஓடுவது யாவரும் அறிந்தது. மழை பெய்யாத நாளிலும் ஓடை வற்றாமைக்குக் காரணம் வேறு. மூடுபனியின் நுண்டுளிகள் மிகச் சிறியன. தாமாக நிலத்தில் விழா. காற்றோடு கடந்து போய்விடும். இலையும் பாசியும் குறுக்கே நின்றால் அவற்றிற் படிந்து, ஒன்றோடொன்று கூடிப் பெருந்துளியாகிச் சொட்டும். மரம் முகிலிலிருந்து நீரைச் சீவி எடுக்கின்றது எனலாம். மரம் இல்லையேல் அந்நீர் அவ்விடத்தே இறங்காது. அடியிலுள்ள பாசியும் இலைக்குப்பையும் கடற்பஞ்சு போல அதனை உறிஞ்சி, சிறிது சிறிதாக விடுவிக்கும். சாரதியார் ஒரு வரியிற் சொன்னதற்கு விரிவுரை இதுவே.

இதனை முன்னரே ஒருவர் உணர்ந்தமை எமது நற்பேறு. கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான சேர் யோசேப்பு ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காட்டைத் தொடாது விடுக என்று 1873இல் அறிவுறுத்தினார். அரசு அதனை ஏற்றது. கோப்பித் தோட்டத்துக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலம் அது. 1869இற் கோப்பியிலையிற் பூஞ்சண நோய் தோன்றிப் பின்னர் அப்பயிரையே அழித்தது; 1867இல் லூல்கந்துரவில் யேம்சு ரெயிலர் தொடங்கிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. உலக முடிவிலிருந்து கீழே பார்த்து, பச்சைக் கம்பளம் என்று நாம் வியக்கும் தேயிலைச் சரிவெல்லாம் ஒருகாலத்திற் காடு. வெட்டியவரும் நட்டவரும், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து, நோயாலும் பசியாலும் வழியிற் பலரை இழந்து வந்த தமிழ்மக்கள். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் லயன் வீடுகளும் அக்காட்சியினுள்ளேயே தெரிகின்றன. இயற்கைக் காட்சி என்று எழுதும் மாணவர் அவற்றையும் எழுதுக.

ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆயிற்று. 2010இற் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் காவல் இவ்வளவு இருந்தும் காடு நலமாயில்லை. 1970களிலிருந்தே மரங்கள் நின்ற நிலையில் நுனியிலிருந்து பட்டுப்போகும் நோய் காணப்படுகின்றது. கீன மரம் அதிற் பெரிதும் அடிபட்டது. மண்ணில் ஈரம் குறைதல், மண்ணின் இயல்பு மாறுதல், காற்று மாசடைதல் என்று காரணங்கள் பல ஆராயப்படுகின்றன. ஒருகாலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட உழுத நிலத்திற் பழைய புல் இன்னும் முழுதாக மீளவில்லை. மேனாட்டிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்செடி ஒன்று பரவி, ஆட்கள் கொண்டு பிடுங்கப்படுகின்றது. உலக முடிவிலிருந்து மீளும் வழியில், பசுங்காட்டின் நடுவே வெண்ணெலும்பு போல் நிற்கும் மரங்களை மாணவருக்குக் காட்டினோம். அழகிய படம் என்று ஒருவன் கைபேசியில் எடுத்தான். அவை இறந்தவை என்றதும் கையை இறக்கிக்கொண்டான்.

செல்வோர்க்குச் சில கூற வேண்டும். தை முதற் பங்குனி வரையான மாதங்கள் நன்று. விடியுமுன் வாயிலை அடைக. பொலித்தீன் உறைகளை வாயிலிலேயே வாங்கிவிடுவர். உணவைப் பெட்டியிற் கொண்டு செல்க. மரைக்குப் பிஸ்கற்று நீட்டலாகாது. பழகிய மரை உறையோடு சேர்த்து விழுங்கிவிடும். விளிம்பில் நின்று பின்னோக்கி நடந்து படம் எடுத்தல் அறவே கூடாது. 2015இல் வெளிநாட்டவர் ஒருவர் அவ்வாறு நடந்து விழுந்து, கீழேயிருந்த மரமொன்றின் தலையிற் சிக்கியதால் உயிர்தப்பினார். படையினர் அவரை மீட்டனர். எல்லார்க்கும் மரம் அகப்படாது. கூட்டமாகச் சென்று உரத்துப் பாடும் வழக்கத்தைப் பேருந்தோடு நிறுத்துக. இதைச் சொல்லும்போது எமது கல்லூரி மாணவரையும் மனத்திற் கொண்டே சொல்கின்றோம்.

இரண்டாம் பயணத்தில் ஒரு சிறு சோதனையும் செய்தோம். மழை இல்லை, முகில் மட்டும் கடந்துகொண்டிருந்தது. ஒரே அளவான இரு சாப்பாட்டுப் பெட்டி மூடிகளுள் ஒன்றைப் பாதையோரப் புல்வெளியிலும், மற்றொன்றைப் பாசி படர்ந்த மரக்கிளையின் கீழும் வைத்துவிட்டு, பாதையை விட்டு விலகாது ஒரு மணிநேரம் இருந்தோம். அவ்வேளையில் மாணவர் இடியப்பத்தையும் சம்பலையும் முடித்தனர். பின்னர் எடுத்துப் பார்த்தபோது, புல்வெளியிலிருந்த மூடி நனைந்திருந்தது; அவ்வளவே. மரத்தின் கீழிருந்ததில் சுண்டுவிரல் நகத்தின் பாதியளவு ஆழத்துக்கு நீர் நின்றது. முன்னைய ஆண்டில் எம்மை வினவிய அதே மாணவன், அதனைத் துளி சிந்தாது இரு கையாலும் ஏந்திக்கொண்டு, ஊருக்குக் கொண்டுபோய்ப் புவியியல் ஐயாவிடம் காட்டலாமா என்று கேட்டான். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லலாகாது என்பது விதி என்றோம். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், அந்த மரத்தின் அடியிலேயே ஊற்றிவிட்டு, மூடியைத் துடைத்துப் பெட்டியை மூடினான்.